‘செல் ஊசி’ வரட்டும் என்று கீமோவை நிறுத்தாதீர்கள்

போன வாரம் தண்டையார்பேட்டை கிளினிக்கை மூடப்போகும் நேரத்தில் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு 19 வயது. ஈறில் ரத்தக் கசிவு, தொடையில் அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு நீலத் திட்டுகள். மஞ்சப்பையிலிருந்த ஃபைலைப் புரட்டினேன். போன வருடம் கண்டுபிடித்த பி-செல் ஏஎல்எல், அதாவது வேகமாகப் பரவுகிற ரத்தப் புற்றுநோய். ஐந்து மாதம் கீமோ ஒழுங்காக நடந்து, எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்திருக்கிறது. அதற்கப்புறம் ஒரு தாள்கூட இல்லை.

“ஏன்மா நிறுத்துனீங்க?”

“அதான் டாக்டரம்மா, அந்த செல்லு ஊசி வந்துட்ச்சாமே. கீமோல புள்ள துரும்பா பூட்டான். நகைய வித்து ஊசியே போட்டுக்கலாம்னு இருந்தோம்.” போனை நீட்டினார். நாலு நிமிட வீடியோ, ‘ஒரே ஊசி, புற்றுநோய் காலி’.

இந்த வருடம் இது மூன்றாவது கேஸ். (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. வீடியோ போட்டவன் கையில் கிடைத்தால் பேசிக்கொள்கிறேன்.

சரி, அந்த ‘செல் ஊசி’ என்பது கார் டி-செல் சிகிச்சை. பேரைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி, “கார்ல வெச்சு செய்ற வைத்தியமா?” என்று கேட்டார், அது தேவலாம், வீடியோவில் சொல்வதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏனென்றால் அலைச்சல் நிறைய. நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி-செல் என்கிற எதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்து, சிடி19 என்ற அடையாளம் உள்ள புற்று அணுவைத் தேடிக் கொல்லும்படி ஆய்வகத்தில் மாற்றி, பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். எப்படி மாற்றுகிறார்கள் என்பது நீளமான கதை, விடுங்கள்.

‘அவருக்கே’ என்பதை மட்டும் விடாதீர்கள். இது மெடிக்கலில் வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கிற ஊசி இல்லை. ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்குப் போட முடியாது. “என் தம்பி செல் தர்றான் டாக்டர்” என்று வருகிறவர்கள் எலும்பு மஜ்ஜை மாற்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், தம்பி தாராளமாக வீட்டுக்குக் கிளம்பலாம். செல்லைப் பிரித்தெடுக்க மெஷினில் மூன்று நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும் (உதடு சுறுசுறுவென்று மரத்துப்போகும், கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும்). செல் தயாராகிவர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோய் நமக்காகக் காத்திருக்காது, அதனால் நடுவிலும் பெரும்பாலும் கீமோ உண்டு. செல்லை ஏற்றுவதற்குச் சில நாள் முன்பு உடம்பைத் தயார்படுத்த மறுபடியும் கீமோ. கீமோவுக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடிவருகிறவர்கள் இந்த இரண்டு வரியைத் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள்.

இதன் பிரபலமான முதல் குழந்தை அமெரிக்காவின் எமிலி வைட்ஹெட். 2012-ல் ஆறு வயதில் ஏற்றினார்கள், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். வீடியோவில் அதுவரைதான் வரும். கீமோ கொடுத்தும் இரண்டு முறை நோய் திரும்பிய பிறகுதான் அந்தக் குழந்தைக்கு இதைத் தொட்டார்கள் என்பதும், செல் ஏறிய பிறகு ஐசியுவில் உயிருக்குப் போராடி, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற ஒரு மருந்தால் பிழைத்தார் என்பதும் வராது. நம் நாட்டிலும் ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார் டி-செல்லுக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதுவும் நோய் திரும்பியவர்களுக்கும், முதல் மருந்துகளுக்கு மசியாதவர்களுக்கும்தான். ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு நோய் கட்டுப்பட்டது, எனக்கும் பெருமைதான். ஆனால் கட்டுப்படுவது வேறு, குணமாவது வேறு. அமெரிக்காவில் 2017-ல் வந்த முதல் மருந்தின் விலை மட்டும் 4,75,000 டாலர், அதோடு பார்த்தால் இங்கே மலிவு. அந்த மலிவே பல லட்சம். முதல்வர் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் என்பதை நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

அப்புறம், ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. சிடி19 குறியிருக்கிற பி-செல் வகைகளுக்குத்தான் நான் மேலே சொன்னது. மைலோமா என்கிற மஜ்ஜைப் புற்றுநோய்க்கு வேறு குறி, வேறு செல். சிஎம்எல், அதாவது மெதுவாக வளர்கிற ரத்தப் புற்றுநோய் என்றால் தினம் மாத்திரை போட்டுக்கொண்டு மூலக்கொத்தளத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு எதற்கு இது? ‘எல்லாக் கேன்சருக்கும் எதிர்ப்பு செல் ஏற்றுகிறோம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ‘சீட் பிடித்துத் தர்றேன்’ என்று அட்வான்ஸ் கேட்கிற புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உண்மையிலேயே இது தேவைப்படுகிறவர்களுக்குச் சில விஷயம். டி-செல் எடுக்கும் முன்பு ஸ்டீராய்டு கூடாது, எடுக்கிற செல் சோர்ந்துபோகும். “நான் ஸ்டீராய்டே தொட்டதில்ல” என்பவர்கள் மூட்டு வலிக்கு வாங்கிய பேரில்லாத பொட்டல மாத்திரையையும் சூரணத்தையும் கொண்டுவந்து காட்டுங்கள், ஒளிக்காதீர்கள். செல் ஏறிய முதல் சில வாரங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும், எண்ணூரிலிருந்து பஸ் மாறி வந்துகொள்ளலாம் என்று கணக்குப் போடக் கூடாது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள்.

இன்னொன்று, கூட இருப்பவர் தினமும் நோயாளியை ஒரே வரியை எழுதச் சொல்ல வேண்டும். வேடிக்கையாகத் தெரியும். நான் கூட இருந்து பார்த்த ஒருவர் ‘என் வீடு ராயபுரத்தில் இருக்கிறது’ என்று நான்கு நாள் முத்து முத்தாக எழுதினார். ஐந்தாம் நாள் காலை ‘ராயபு’ வரைக்கும் வந்து எழுத்து கோட்டை விட்டுக் கீழே சரிந்தது, பேனாவைப் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றிய செல்லின் பக்கவிளைவு மூளையைத் தொட ஆரம்பிக்கிறது என்று அந்த ஒரு வரியை வைத்துத்தான் பிடித்தோம். உடனே மருந்து கொடுத்து மூன்று நாளில் முழு வரி திரும்பி வந்தது. எட்டாவதுவரை படித்த அவர் மனைவிதான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் ஓடியவர்.

காசிமேட்டுப் பையனை அன்றைக்கு ராத்திரியே அட்மிட் செய்து தட்டணு ஏற்றினோம். மறுபடி முதலிலிருந்து கீமோ, இந்த முறை இன்னும் கடுமையாக. போன வருடம் தேவையே இல்லாத கார் டி-செல் அவனுக்கு இப்போது தேவைப்படலாம், அதுதான் எரிச்சல்.

சந்தேகம் இருந்தால் வாருங்கள், திட்டமாட்டேன், கொஞ்சம்தான் திட்டுவேன். போன் வேண்டாம், ஃபைல் வேண்டும். முதல் நாள் எடுத்த மஜ்ஜை ரிப்போர்ட்டிலிருந்து எல்லாத் தாளும், கசங்கியிருந்தாலும், அந்த மஞ்சப்பையோடு.