மாத்திரையால் கட்டுக்குள் இருந்த ரத்தப் புற்றுநோய் தீவிரமானால்: முதலமைச்சர் காப்பீட்டில் என்ன செய்வது?

சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் தினமும் 400 மி.கி. இமாட்டினிப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல வேலைக்குப் போய் வருகிறார்கள். சிலருக்கு மட்டும் மாத்திரை போடும்போதே நோய் கைமீறித் தீவிர ரத்தப் புற்றுநோயாகிவிடுகிறது. ரத்தத்திலோ எலும்பு மஜ்ஜையிலோ பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் 20 சதவீதம் ஆகிவிட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அந்தக் கட்டம் வந்துவிட்டது. மருந்துக்கு அடங்காத மரபணு மாற்றம் (டி315ஐ இதில் பெயர்போனது) ஒரு காரணம். அடிக்கடி மாத்திரையை விடுவது இன்னொன்று. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விடுபவர்கள்தான் அதிகம்.

இந்தக் கட்டத்தில் வீட்டார் முதலில் கேட்பது, ‘பழைய காப்பீட்டு அட்டை செல்லுமா?’ என்பதைத்தான். செல்லும். ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைத் தொகுப்புக்கும் (பேக்கேஜ்) தனித்தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும். சி.எம்.எல். மாத்திரைக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு தீவிர ரத்தப் புற்றுநோய்க்கான கீமோவை ஆரம்பிக்க முடியாது. விண்ணப்பிப்பது மருத்துவமனையின் வேலை, உங்களுடையது அல்ல. நீங்கள் செய்ய வேண்டியது, புதிய மஜ்ஜைப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த அன்றே அதன் நகலைக் காப்பீட்டுப் பிரிவில் கொடுத்து, ‘நோயின் பெயர் மாறியிருக்கிறது, புது அப்ரூவல் போடுங்கள்’ என்று சொல்வது. டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினால், அது தொகுப்பில் வருகிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். இமாட்டினிப் இன்று மலிவு. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதன் அசல் பிராண்டான க்ளிவெக்குக்குக் காப்புரிமை மறுத்ததால், இந்திய நிறுவனங்கள் அதைத் தொடர்ந்து தயாரிக்க முடிகிறது. எல்லா மாத்திரையும் அந்த விலைக்குக் கிடைக்காது.

அடுத்தது பணம். காப்பீடு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், அதுவும் குடும்பத்துக்கே சேர்த்து. அதே வருடம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அந்தத் தொகை இதிலிருந்துதான் கழியும். நோய் தீவிரமானவர்களுக்கு, கீமோவில் அடங்கிய பிறகு, மஜ்ஜை மாற்று சிகிச்சையைத்தான் டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். அதற்கு இந்த 5 லட்சம் போதாது. அதற்கென்றே திட்டத்தில் தொகுப்பு நிதி (கார்பஸ் ஃபண்ட்) என்று தனி வழி இருக்கிறது. சிகிச்சை முடிவானதுமே அந்த வழியைக் கேளுங்கள். காப்பீட்டில் சேர்ந்த எல்லா மருத்துவமனையும் மஜ்ஜை மாற்று செய்வதில்லை, அதையும் விசாரியுங்கள்.

அட்டையே இல்லையா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோயாளியின் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்யாணமாகித் தனியாகப் போனவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் வருகிறது. சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணம் கிடையாது.

அப்புறம், வெளியூர் மருத்துவமனைக்கு ரயிலில் போகிறவர்கள் புற்றுநோய் சலுகைப் படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருபவர் ஒருவருக்கு 75 சதவீதம்.