படிவம் நிரப்பத் தெரியாதது உங்கள் குறையல்ல

கிளிநொச்சியில் இணையத்தளம் வடிவமைப்பது என் தொழில். மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒன்லைன் படிவங்களோடு மல்லுக்கட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். "எனக்கு இதெல்லாம் விளங்காது தம்பி" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் பிழை படிவத்தில்தான் இருக்கிறது.

அடையாள அட்டையையே எடுங்கள். பழைய அட்டையில் 9 எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வந்த புதியதில் 12 எண்கள். அண்மையில் ஒரு அம்மா பழைய அட்டையை வைத்துக்கொண்டு, கடைசி 'வி'யைச் சின்ன எழுத்தில் போட்டார். சிவப்பில் 'செல்லுபடியாகாது' என்று மட்டும் வந்தது. எது பிழை, எப்படித் திருத்துவது? ஒரு சொல் இல்லை. பெரிய எழுத்தாக மாற்றினோம், ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் விலாசம், கிராம சேவையாளர் பிரிவு என்று அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியதெல்லாம் அழிந்துவிட்டது. சின்ன எழுத்தைப் பெரிதாக்குவது கணினிக்கு ஒரு வரி வேலை. அதை ஏன் அந்த அம்மாவின் தலையில் கட்ட வேண்டும்?

பெயரும் அப்படித்தான். எங்கள் சனத்தில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்தால் ஆள் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார். பிறகு வங்கிப் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று அலைவார். 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் போதும்.

அப்புறம் அந்த வெளிர்சாம்பல் எழுத்து. மாங்குளம் சந்தியில் மத்தியான வெயிலில் போனைப் பிடித்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணையத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாகச் செய்வதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற சர்வதேச வழிகாட்டி 2008 முதலே சொல்கிறது. 2023இல் வந்த அதன் 2.2 பதிப்பு, பொத்தான்கள் அகலத்திலும் உயரத்திலும் பொதுவாக 24 பிக்சலுக்கு (திரையில் அளவைக் குறிக்கும் அலகு) குறையக்கூடாது என்கிறது. தமிழைத் தெரிவுசெய்து வந்தவருக்குப் பிழைச்செய்தியை மட்டும் ஆங்கிலத்தில் காட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சங்கத்துக்கோ கடைக்கோ தளம் செய்விப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலை முடிந்தது என்றதும், விலை குறைந்த போன் ஒன்றை உங்கள் அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் தடுமாறிய இடங்களை எழுதிக் கொடுங்கள். அவை திருத்தப்பட்ட பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.