விடை சொல்லாத சீனியர்

பொறியியல் படிப்பில் சில பாடங்கள் வருடா வருடம் பெரும் கூட்டத்தையே கவிழ்த்துவிடும். பெரும்பாலும் கணிதம், மெக்கானிக்ஸ், சர்க்யூட்.

1973-ல் அமெரிக்காவின் மிசோரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். பின்தங்கிய மாணவர்களைத் தேடாமல், பலர் தோற்கும் பாடங்களைத் தேடினார். அந்தப் பாடத்தைச் சேர்ந்து படிக்க ஒரு குழு. யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால் குழுவுக்குப் போகிறவர்மேல் 'மக்கு' என்ற முத்திரை விழவில்லை. மருத்துவம் சார்ந்த படிப்புகளில் தொடங்கிய இந்த முறை, பிறகு பல நாடுகளின் பொறியியல் வகுப்புகளுக்கும் பரவியது.

குழுவை நடத்துபவர், அதே பாடத்தை முன்பே நன்றாக முடித்த ஒரு சீனியர். அவர் பாடம் எடுக்கக் கூடாது. இதுதான் இந்த முறையின் உயிர்நாடி என்பேன்.

ஒரு பீம், அதாவது பாரம் தாங்கும் உத்தரம், பற்றிய கணக்கை எடுத்துக்கொள்வோம். தரைமேல் உள்ள ரோலர் சப்போர்ட்டில், அதாவது பீமைத் தாங்கும் உருளையில், ஒரு மாணவி பக்கவாட்டில் தடுக்கும் கிடைமட்ட எதிர்விசையையும் அம்புக்குறியாக வரைந்துவிடுகிறார். சீனியர் அதை அழிப்பதில்லை. "இந்த ரோலரைப் பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். "உருண்டு போகும்" என்கிறார் பக்கத்திலிருப்பவர். அப்படியென்றால் தடுக்கும் விசை எங்கிருந்து வரும்? சரி, அந்த அம்புக்குறியை மாணவியே அழிக்கிறார். தன் வாயால் காரணம் சொல்லும்போதுதான் புரிதலில் எங்கே ஓட்டை என்று தெரிகிறது. சீனியருக்கும் தான் முன்பு எங்கே முட்டிக்கொண்டோம் என்பது இன்னும் மறக்கவில்லை. பல வருடம் பாடம் நடத்தியவருக்கு அது மறந்திருக்கலாம்.

தெரிந்தவரிடம் கேட்டு எழுதுவதுதானே இது என்று தோன்றலாம். 2009-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதைச் சோதித்தது. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் மாணவர்கள் ஒரு கேள்விக்குத் தனியாக விடையளித்தார்கள், குழுவாகப் பேசினார்கள், மறுபடி விடையளித்தார்கள். அப்புறம் அதே கருத்தில் புதிய கேள்வி. தொடக்கத்தில் யாருக்குமே சரியான விடை தெரியாத குழுக்கள்கூட முன்னேறியிருந்தன.

ஒரு சிக்கல் உண்டு. 2019-ல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், வகுப்பில் தாமே முயன்று விடை தேடியவர்கள் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் சரளமான விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். திணறுவதும் கற்பதன் பகுதிதான் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நேரம் வீணாகிறது என்று நினைத்து இரண்டாம் வாரமே குழுவை விட்டுப் போய்விடுவார்கள்.