ஒரே பொட்டலம், இரண்டு பச்சை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மார்கழிக் கோலத்துக்குக் கலர்ப்பொடி தூவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, ஒரே பொட்டலத்துப் பச்சையை இரண்டு இடங்களில் நிரப்பிவிட்டு எழுந்து நின்று பார்த்தார். சிவப்புக்கு நடுவே இட்ட பச்சை துளிர்போல் பளிச்சென்றும், மஞ்சளுக்கு நடுவே இட்டது சற்றே நீலம் பாய்ந்து மங்கலாகவும் தெரிந்ததால், கடைக்காரர் பொடியில் எதையோ கலந்துவிட்டார் என்று முடிவு கட்டினார்.

கடைக்காரர்மேல் பிழையில்லை. ஏறக்குறைய இதே வழக்கை 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் விசாரித்திருக்கிறார். கறுப்புச் சாயம் வலுவற்றுத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்த அவர், சாயத்தில் குறையில்லை, அதன் அருகில் ஓடும் நீல, ஊதா இழைகளே கறுப்பை மங்கச் செய்கின்றன என்று கண்டறிந்து, 1839இல் அதை விரிவான நூலாகவே எழுதினார்.

இதன் வேர் விழித்திரையிலேயே தொடங்குகிறது. அங்குள்ள மூன்று வகைக் கூம்பு செல்கள் வாங்கும் ஒளியை, அடுத்த நிலையிலுள்ள நரம்புச் செல்கள் சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா, வெளிச்சமா இருட்டா என்று எதிரெதிராக நிறுத்தி ஒப்பிடுகின்றன. ஓரிடத்தின் நிறத்தை அதன் சுற்றுப்புறத்தோடும் ஒப்பிட்டே மூளை முடிவு செய்கிறது. சுற்றிலும் மஞ்சள் மிகுந்தால் நடுவிலிருப்பது எதிர்ப்பக்கமான நீலத்தை நோக்கிச் சாய்கிறது. இதைக் கண்ணின் பிழை என்று நான் சொல்லமாட்டேன்: ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி காலை வெயிலிலும் மாலையில் மஞ்சள் விளக்கின் அடியிலும் சிவப்பாகவே தெரிவதற்கு இந்த ஒப்பீடும் ஒரு காரணம்.

தக்காளி என்று தெரிந்தவுடன் மூளை சிவப்பை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். சதுரத்துக்கு அப்படியொரு சொந்த நிறம் கிடையாது. பொருள்களை உள்ளபடி வரையாத அருவ ஓவியர்கள் வடிவியலைப் பிடித்துக்கொண்டதில் இந்த வசதிக்கும் பங்குண்டு. ஜோசப் ஆல்பர்ஸ் 1950 முதல் 1976இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரமாகவே ஒரு தொடரை வரைந்தார். வடிவம் ஏறக்குறைய மாறாததால், ஒரு நிறம் அண்டை நிறத்தால் எப்படி முன்வருகிறது, எப்படிப் பின்வாங்குகிறது என்பது மட்டுமே பார்ப்பவருக்கு மிஞ்சுகிறது.

கோடுகளுக்கும் மூளையில் தனிக் கவனிப்பு உண்டு. பூனையின் மூளையில் பார்வையைக் கையாளும் மேற்பரப்பான பார்வைப் புறணியில் குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கு மட்டும் துடிக்கும் செல்கள் இருப்பதை நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபலும் வீசலும் 1959இல் வெளியிட்டனர். சிக்குக் கோலத்தில் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கண் திரும்பாமல் நேரே போவது, அருகருகே ஒத்த திசையில் செல்லும் துண்டுகளை மூளை ஒரே கோடாக இணைப்பதனால்தான்.

இடத்தையும் அசைவையும் கணிக்கும் பாதை பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை நம்பியிருப்பதால், வெளிச்ச அளவில் ஒத்த இரு நிறங்கள் சேரும் விளிம்பு நிலைகொள்ளாமல் தத்தளிக்கும். 1942–43இல் அருவ ஓவியர் மோந்திரியான் நியூயார்க் தெருக்களை நினைத்து வரைந்த ஓவியத்தில், வெளிறிய பரப்பின்மேல் ஓடும் மஞ்சள் பட்டைகள் மினுங்குவதற்கு இதையே காரணமாகக் கூறுகிறார்கள்.

அக்காவின் கோலத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினேன். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிக் கலந்துவிட, கோலமாவுக் கோடுகள் மட்டும் அப்படியே நின்றன. அவர் இரண்டு பச்சைகளையும் சுற்றி விரல் அகலத்துக்கு வெள்ளைக் கரை இழுத்தார். அண்டை நிறம் தள்ளிப்போனதும் பச்சைகளுக்கு இடையிலான வேறுபாடு பெரிதும் குறைந்தது. கடைக்காரரைப் பற்றி அதன்பின் அவர் எதுவும் சொல்லவில்லை.