உபுண்டுவை எடுக்கப் போகிறீர்களா? அழிப்பது கடைசி வேலை

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், ஒரு பையன் வந்து நின்றான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதி ஆண்டு மாணவன். லேப்டாப்பைப் பையில்கூடப் போடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். "அண்ணே, ஃபார்மட் பண்ண எவ்வளவு ஆகும்?" என்றான். என்ன ஆச்சு என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை புரொஜெக்ட் ஒப்படைக்க வேண்டும். அறிக்கை முழுவதும் விண்டோஸ் பக்கத்தில் இருக்கிறது, விண்டோஸோ வரமாட்டேன் என்கிறது. கூடப் படிக்கும் ஒருவன், புதிதாக விண்டோஸ் போட்டால்தான் சரியாகும் என்று சொல்லி, அதற்கான யுஎஸ்பியையும் தயார் செய்து கொடுத்துவிட்டான்.

மேசையில் வைத்து ஆன் செய்தேன். கறுப்புத் திரை. மேலே கிரப் என்ற பெயரும் பதிப்பு எண்ணும். கீழே மறுபடியும் கிரப் என்ற சொல், பக்கத்தில் ஓர் அம்புக்குறி, கண் சிமிட்டும் கோடு. ஆங்கிலத்தில் 'எக்ஸிட்' என்று நான்கு எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினேன். திரை ஒருமுறை அணைந்தது, லேப்டாப் நிறுவனத்தின் சின்னம் வந்தது, அப்புறம் விண்டோஸ் வந்து கடவுச்சொல் கேட்டது. பையன் அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவன் கோப்புகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த யுஎஸ்பியைச் செருகியிருந்தால்தான் ஆகியிருக்கும்.

சிங்கப்பூரில் ரோச்சோர் பக்கம் பதினெட்டு வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து இந்த மாதிரி லேப்டாப்கள் என் மேசைக்கு அதிகமாக வருகின்றன. விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரத்தில் பலர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போட்டுப் பார்த்தார்கள். நல்ல முயற்சிதான், நானும் பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் போடும்போது காட்டும் கவனத்தை எடுக்கும்போது யாரும் காட்டுவதில்லை.

அந்தப் பையன் செய்தது இதுதான். இடம் போதவில்லை என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, உபுண்டு என்ற லினக்ஸ் இருந்த 80 ஜிபி பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கில் அதற்கெனப் பிரித்த பகுதியை, அழித்தான். அழிந்தது, விண்டோஸ் தொடர்ந்து ஓடியது. இரண்டு நாள் மூடியை மூடித் திறந்தே வேலை பார்த்திருக்கிறான். மூன்றாம் நாள் ரீஸ்டார்ட் செய்தபோதுதான் கறுப்புத் திரை. அதனால், அன்றைக்குக் காலையில் வந்த அப்டேட்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்தான்.

லினக்ஸ் இருக்கும் இடம் வேறு, அதை எழுப்பும் பூட் லோடர் இருக்கும் இடம் வேறு. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார், புளோக்கின் கீழே இருக்கும் தபால் பெட்டியில் மட்டும் இன்னும் அவர் பெயரே இருக்கிறது என்றால் கடிதமெல்லாம் எங்கே போகும்? இன்றைய கணினிகள் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் எழுகின்றன. டிஸ்கின் தொடக்கத்தில் பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32 வடிவத்தில், இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். முதலில் எதைக் கூப்பிடுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதியிருக்கும். உபுண்டுவை நிறுவும்போது அது தன் பெயரை வரிசையின் தலையில் எழுதிக்கொள்கிறது. பார்ட்டிஷனை அழித்தால் அந்த ஃபோல்டரும் போகாது, வரிசையும் மாறாது. உபுண்டுவின் பூட் லோடரான கிரப் எழுந்து தன் மீதிக் கோப்புகளைத் தேடும், கிடைக்காது, உங்களிடம் கட்டளை கேட்டு நின்றுவிடும்.

ஆகவே நான் சொல்லும் முறை தலைகீழானது. லினக்ஸ் முழுசாக இருக்கும்போதே, விண்டோஸ் தன் காலில் தானே எழுகிறதா என்று பாருங்கள். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று முறை அணைத்துப் போடுங்கள். கிரப்பின் பட்டியல் தலைகாட்டாமல் நேராக விண்டோஸ் வந்தால் பாதி வேலை முடிந்தது. உண்மையில் பலருக்கு இதுவே போதும். கிரப் அங்கேயே கிடந்தாலும் யாரையும் தொந்தரவு செய்யாது.

முழுவதும் எடுத்தே ஆக வேண்டும் என்றால், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, மவுன்ட்வால் கட்டளையால் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து, உபுண்டு ஃபோல்டரை மட்டும் நீக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் மைக்ரோசாஃப்ட், பூட் என்ற இரண்டு ஃபோல்டர்களையும் தொடக் கூடாது. இஎஃப்ஐ பார்ட்டிஷனையே அழிக்கவே கூடாது. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை அழிக்க விடாது, ஆனால் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் 'ஓவர்ரைடு' என்று சேர்த்தால் அழித்துவிடும். அப்படி அழித்துவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் தடுக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? பதற வேண்டாம். முதலில் 'எக்ஸிட்' தட்டிப் பாருங்கள். பல இயந்திரங்கள் வரிசையில் அடுத்து இருக்கும் விண்டோஸுக்குப் போய்விடும். போகவில்லை என்றால், ஆன் செய்தவுடன் பூட் பட்டியல் விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். லெனோவோ, டெல் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசஸ் என்றால் எஸ்கேப். அதில் விண்டோஸ் பூட் மேனேஜர் தெரிந்தால் உங்கள் விண்டோஸ் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. தெரியாவிட்டாலும், விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியில் எழுப்பி, பழுது நீக்கும் பகுதியில் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போய், பிசிடிபூட் கட்டளையால் எழுப்பும் கோப்புகளை மறுபடி எழுதிவிடலாம். பார்த்தீர்களா, அதே யுஎஸ்பிதான். 'இன்ஸ்டால்' பக்கம் போனால் அழிக்கும், 'ரிப்பேர்' பக்கம் போனால் காப்பாற்றும்.

இன்னொன்று. இணையத்தில் எங்கே தேடினாலும் பூட்ரெக் என்ற கட்டளையோடு ஃபிக்ஸ்எம்பிஆர் சேர்த்து அடி என்றுதான் முதலில் வரும். யுஇஎஃப்ஐ இயந்திரத்தில் அதனால் பலன் இல்லை. வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் வரும், ஆனால் கிரப் நின்ற இடத்திலேயே நிற்கும். அது பழைய பயாஸ் முறைக்கான மருந்து.

அந்தப் பழைய முறையில்தான் ஆபத்து அதிகம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா முழுக்கக் கூட்டம். துவாஸில் வெல்டிங் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு அண்ணன், ஊர் பட்டுக்கோட்டை, பத்து வருடப் பழைய லேப்டாப்போடு வந்தார். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். லினக்ஸை எடுக்க வேண்டும் என்று நினைத்து, எங்கேயோ படித்த ஒரு வரியை லினக்ஸ் டெர்மினலில் ஒட்டியிருக்கிறார். டிடி என்ற கட்டளை. டிஸ்கின் முதல் 512 பைட்டை வெறும் பூஜ்யத்தால் நிரப்பச் சொல்லும் வரி அது.

அந்த 512 பைட்டுக்கு எம்பிஆர் என்று பெயர். அதில் முதல் 446 பைட்டுதான் பூட் லோடரின் இடம். அடுத்த 64 பைட்டு பார்ட்டிஷன் அட்டவணை, பார்ட்டிஷன் ஒன்றுக்கு 16 பைட்டு வீதம் நான்கு பதிவுகள். கடைசி 2 பைட்டு அடையாளக் குறி. கிரப்பைத் துடைக்க நினைத்தவர் 446 என்று போட்டிருந்தால்கூட அட்டவணை தப்பியிருக்கும். 512 என்று போட்டதால், எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கே போய்விட்டது. டிஸ்க் காலியாக இருப்பதாகக் கணினி சொன்னது.

"தம்பி, படம் மட்டும் வந்தாப் போதும், லேப்டாப் போனாப் போகட்டும்" என்றார். படங்கள் ஒரு பைட்டும் நகரவில்லை, அழிந்தது அட்டவணை மட்டும்தான் என்று அவருக்குப் புரியவைக்கவே பத்து நிமிடம் ஆனது. டிஸ்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி, முதலில் அப்படியே ஒரு முழு நகல் எடுத்தேன். இதைச் செய்யாமல் மீட்பு வேலையைத் தொடவே மாட்டேன். பிறகு நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது டிஸ்க் முழுவதையும் தடவிப் பார்த்து, பார்ட்டிஷன்களின் தொடக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. பச்சை எழுத்தில் வரிகள் வந்தபோது அவர் என் தோள் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். ஃபோல்டரைத் திறந்ததும் மஞ்சள் பாவாடையில் ஒரு குழந்தை. அவர் வெளியே போய் ஊருக்கு போன் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

பழைய முறையில் கிரப்பை எடுக்க டிடி தேவையே இல்லை. அங்கேதான் ஃபிக்ஸ்எம்பிஆர் சரியான கருவி, அது பூட் லோடர் பகுதியை மட்டும் மாற்றி எழுதும், அட்டவணையை விட்டுவிடும். அதை முடித்து, விண்டோஸ் எழுகிறது என்று பார்த்த பிறகுதான் லினக்ஸ் பார்ட்டிஷனில் கை வைக்க வேண்டும். முதலிலேயே அதை அழித்தால் 'கிரப் ரெஸ்கியூ' என்று நிற்கும். அந்த நிலையில் 'எக்ஸிட்' உங்களைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நேராக விண்டோஸ் யுஎஸ்பிக்குப் போங்கள்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர்.

இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. வைத்திருப்பவருக்கே அது தெரியாது. லினக்ஸ் போடவோ எடுக்கவோ பயாஸில் செக்யூர் பூட் என்ற, நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் அமைப்பை மாற்றினால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் மாற்றிய அமைப்பைப் பழையபடி வைத்தாலே அடங்கிவிடும். ஆனால் பதற்றத்தில் சிலர் அடுத்தடுத்து எதையாவது அழுத்துகிறார்கள். ஒருவர் பயாஸில், பூட்டைத் திறக்கும் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பைத் துடைக்கும் வசதியைப் பார்த்து, அதையும் அழுத்திவிட்டு வந்தார். அப்புறம் அந்த 48 இலக்கத்தைத் தவிர வேறு வழி கிடையாது. சாவி அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கோ எப்போதோ கைவிட்ட தொலைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருந்தது. நாலு நாள் முயன்றோம், திறக்கவில்லை. அவருடைய ஏழு வருடக் கணக்கு வழக்குகள் அதற்குள் இருக்கின்றன. அந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் வாங்க எனக்கும் மனம் வரவில்லை.

அதனால் பயாஸுக்குள் போகும் முன்பே கைபேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, மீட்புச் சாவி அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தாளில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைப்பதில் பயனில்லை.

எல்லாக் கோளாறும் நம் கையால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, இரண்டு இயங்குதளம் வைத்திருந்த சில கணினிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. எஸ்பேட் என்ற பூட் லோடர் பாதுகாப்புச் சோதனை தோற்றது என்று ஒரு செய்தி காட்டிவிட்டு அணைந்துவிடும். மைக்ரோசாஃப்ட் அதை முழுமையாகச் சரிசெய்தது 2025 மே மாத அப்டேட்டில்தான். அந்த இடைவெளியில் லினக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் அழித்தே விட்டார்கள். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தினாலே உள்ளே போய்க் கோப்புகளை எடுத்திருக்கலாம், மேலே சொன்ன சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: பள்ளித் திட்டத்தின் கீழ் வாங்கிய கற்றல் சாதனத்தில் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். அதில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கிறது. ஆசைப்படும் பிள்ளைக்குப் பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுங்கள், தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும்.

அந்தப் பையனின் லேப்டாப்பில் வரிசையை மாற்றி, உபுண்டு ஃபோல்டரை நீக்கி, ஐந்து முறை அணைத்துப் போட்டுக் காட்டினேன். காலியான 80 ஜிபியை சி டிரைவோடு சேர்க்க முடியவில்லை. நடுவே விண்டோஸின் சின்ன மீட்புப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் தம்பி என்று சொல்லி, 80 ஜிபியைத் தனி டிரைவாகவே ஆக்கிக் கொடுத்தேன். "அப்ப புரொஜெக்ட் காப்பிய அதுலயே வச்சிடவா?" என்றான். அதுவும் அதே டிஸ்க்தானே என்றேன். சட்டைப் பையிலிருந்து அந்த யுஎஸ்பியை எடுத்து நீட்டினான். அதில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு, அவன் அறிக்கையை நகலெடுத்துக் கொடுத்தேன்.