அந்த ஸ்க்ரூவை விட்டுவிடுங்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. மூன்றுமே பழைய பிக்கப். மூன்று டிரைவர்களும் கதவைத் திறந்து இறங்கும்போதே சொன்னது ஒன்றுதான். "ண்ணே, ஸ்டியரிங் லூசா இருக்கு. பாக்ஸ் ஸ்க்ரூவ ஒரு கால் சுத்து டைட் வச்சு விடுங்க, லோடுக்கு நேரமாச்சு."

இந்த மூன்றாவது வண்டி 2008 மாடல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை வழியாகக் கேரளா போகிற வண்டி. ஸ்டியரிங்கைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். முன்சக்கரம் அசையத் தொடங்குவதற்குள் என் கை ஐந்து அங்குலம் போய்விட்டது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், ஸ்டியரிங்கின் சுற்றைச் சக்கரத்துக்கு அனுப்புகிற பல்பெட்டியான ஸ்டியரிங் பாக்ஸ் மேலே இருக்கும் அந்த ஸ்க்ரூவின் லாக் நட்டு, உளி வைத்து அடித்து மூலை மழுங்கிப் பளபளவென்று நிற்கிறது. கேட்டதற்கு, வேறு இடத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை டைட் வைத்தாயிற்று என்றார். இரண்டு தடவை வைத்தும் போகாத ஆட்டம் மூன்றாவது தடவை எப்படிப் போகும் என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ட்ரையலுக்கு எடுத்துப் போனேன். முனையில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் ரிட்டர்ன் வரவே இல்லை, திருப்பிய இடத்திலேயே நிற்கிறது. இப்போது வண்டிக்கு ஒன்றுக்கு இரண்டு வியாதி. நேர் ரோட்டில் லூஸ், வளைவில் இறுக்கம்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு தப்பை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய வீட்டு வாசற்படியைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் மட்டும் குழிந்திருக்கும், இரண்டு ஓரமும் அப்படியே இருக்கும். எல்லோரும் நடுவில்தானே மிதிக்கிறோம். ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருக்கும் பல்லும் அப்படித்தான். வண்டி ஓடுகிற நேரத்தில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது, அதனால் தேய்மானமும் நடுவில்தான். நடுவில் இருக்கிற ஆட்டம் போகும்வரை அந்த ஸ்க்ரூவைத் திருகினால், தேயாத ஓரங்களில் பல்லும் பல்லும் கடித்துக்கொள்ளும். வளைவில் இறுகும். ரிட்டர்ன் வராது. நேரான பாதையிலும் வண்டியைத் திருத்தித் திருத்தியே ஓட்ட வேண்டியிருக்கும். அப்படியே ஆறு மாதம் ஓட்டினால் உள்ளே பேரிங் குழி விழுந்து, முழு பாக்ஸையே மாற்ற வேண்டிவரும். அந்த ஸ்க்ரூ இருப்பது உண்மைதான். அது சின்னத் தேய்மானத்தைச் சரிசெய்ய வைத்தது. சக்கரத்தை நேராக வைத்து, பாக்ஸிலிருந்து வெளியே வரும் கையான டிராப் ஆர்மிலிருந்து, சக்கரப் பக்கம் போகும் கம்பியான டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, கொஞ்சங்கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கையால் சுற்றி எங்காவது பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் ரோட்டோரம் நிறுத்தி, ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் செய்கிற வேலை அல்ல. அதுவும் கடைசியில் செய்ய வேண்டியது.

முதலில் செய்ய வேண்டியதற்குக் காசே வேண்டாம், இரண்டு பேர் இருந்தால் போதும். சமதரையில் வண்டியை நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கி வேண்டாம். சக்கரம் தரையில் இருந்தால்தான் மூட்டுகளுக்குப் பளு வரும், ஆட்டம் வெளியே தெரியும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் டார்ச்சோடு முன்பக்கம் குனிந்து, ஸ்டியரிங் ராடிலிருந்து சக்கரம்வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே வரட்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் சும்மா இருக்கிறதோ, அங்கேதான் கோளாறு. மூட்டின் மேலே விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். பவர் ஸ்டியரிங் வண்டி என்றால் இன்ஜின் ஓடவேண்டும், அப்போது விரலை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் பாருங்கள்.

அதன் பிறகு ஜாக்கி வைத்து, ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒரு ஆளை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சான கிங் பின், அல்லது உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட். எங்கள் தொழிலில் சேர்கிற பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது.

இந்த வண்டியில் என்ன இருந்தது என்கிறீர்களா? இடது டை ராட் எண்டின், அதாவது சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் நுனி மூட்டின், ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதில் கருப்பு மண். நட்டு கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் கட்டுக்கம்பி ஒரு துண்டு. அதைவிட மோசம், ஸ்டியரிங் பாக்ஸைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டு லூஸ். போல்ட்டைச் சுற்றிச் செம்மண் தூவியது மாதிரித் துருப்பொடி. அந்தச் சிவப்புப் பொடியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு இரும்போடு உராய்கிற இடத்தில்தான் அது வரும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு முன் பாக்ஸே நகர்ந்துகொண்டிருந்தது. பாக்ஸுக்கு உள்ளே எவ்வளவு டைட் வைத்து என்ன பிரயோஜனம்? போல்ட்டை முறுக்குவதற்கு முன் அந்த இடத்தைத் துடைத்துச் சேஸிஸில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். நல்ல காலம், இல்லை.

பாக்ஸில் ஆயிலும் இல்லை, கிரீஸ் அடைத்திருந்தார்கள். ஆயில் சீல் ஒழுகுகிறது என்று கிரீஸ் அடைப்பது ஒரு பழக்கம். பல் சுற்றும்போது கிரீஸ் ஒதுங்கிப் போய்விடும், திரும்ப வந்து ஒட்டாது. ஆயில் வழிந்து திரும்ப வரும். சீலை மாற்றுங்கள் சாமி, அது பெரிய செலவே இல்லை.

"போன மாசந்தான் எஃப்சி ஆச்சு" என்று, வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றைக் காட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. பதினாறு அங்குல ஸ்டியரிங் வீலில் அது விளிம்பில் நாலு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். அதே விதி, பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஓனர்கள் 30 டிகிரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மிச்சத்தை மறந்துவிடுகிறார்கள். சட்டம் சொல்வது கடைசி எல்லை. என்னைக் கேட்டால் இரண்டு அங்குலம் தாண்டினாலே லோடு ஏற்றக் கூடாது.

அப்புறம் இந்த அலைன்மெண்ட், சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்கிற வேலை. மூட்டு ஆடுகிற வண்டியைக் கொண்டுபோய் அலைன்மெண்ட் செய்வது, கால் ஆடுகிற மேசையில் வைத்துத் தராசு பார்ப்பது மாதிரி. கம்ப்யூட்டர் காட்டுகிற அளவு, வண்டி வாசலைத் தாண்டும்போதே மாறிவிடும். டை ராட் எண்டு மாற்றிய பிறகு அலைன்மெண்ட் கட்டாயம், அதற்கு முன் வீண்.

வண்டியில் கோளாறே இல்லாமலும் ஸ்டியரிங் மிதக்கும். பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டு, அளவுக்கு மேல் மூட்டை ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரத்தில் பளு இல்லாமல் ஸ்டியரிங் எப்படிப் பேச்சைக் கேட்கும்? டயரில் காற்று குறைந்தாலும் அப்படித்தான். இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வாருங்கள், பாதிப் பேர் வரவே வேண்டியிருக்காது. எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

பட்டறைத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தி நேராக்காதே, அடுத்த பள்ளம் வரும்வரை முறுக்கு. கழற்றிய பின்னைத் திரும்ப மாட்டாதே. ஆணி, கட்டுக்கம்பி எதுவும் வேண்டாம். அந்த மூட்டு ஓடும்போது கழன்றால் ஒரு சக்கரம் இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் போகும். அப்போது டிரைவர் கையில் இருப்பது ஸ்டியரிங் அல்ல, வெறும் வட்டம். இந்த வண்டிகளில் காலையில் காய்கறி போகிறது, சாயங்காலம் அதே தொட்டியில் காட்டு வேலைக்குப் போன பெண்கள் நின்றுகொண்டு வீடு திரும்புகிறார்கள். ஆட்களை ஏற்றவே கூடாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அட, ஏற்றுகிறவர்களாவது அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

இரண்டு பக்கமும் டை ராட் எண்டு, புதுப் பின், சீல், ஆயில், போல்ட்டுகள், அப்புறம் அந்த ஸ்க்ரூவைப் பழைய அளவுக்குத் தளர்த்தியது. எல்லாம் சேர்ந்து ஒரு தடவை டேங்க் நிரப்புகிற காசுகூட ஆகவில்லை. மறுநாள் காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்டம் ஒன்றரை அங்குலம், முனையில் திருப்பிக் கையை விட்டால் தானாக நேராகிறது. சந்தோஷமாகப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர், கிளம்பும்போது மெதுவாக இழுத்தார்: "ண்ணே, அந்த ஸ்க்ரூவ மட்டும் ஒரு கால் சுத்து..."

ஸ்பேனரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.