ஃபட்டீக்னா சோர்வு இல்லீங்க, அயர்ச்சி

நேத்தும் டிவில அதே வரி, "விமானக் கட்டுப்பாட்டாளர்களின் சோர்வால் ஆபத்து". இங்கிலீஷ்ல ஃபட்டீக் (fatigue)னு இருக்கறதத்தான் இப்படி சோர்வுன்னு போடறாங்க, கேக்கறப்பல்லாம் எரிச்சலா வருது.

ஃபட்டீக் லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது, அவ்ளோதான் அதோட பூர்வீகம். ஆனா விமானத் துறைல அதுக்கு அர்த்தம் தனி. தூக்கம் பத்தாம, ரொம்ப நேரம் முழிச்சிருந்து, உடம்போட ராப்பகல் கணக்கு தப்பி, வேலைப்பளுவும் சேர்ந்து மூளையும் உடம்பும் மந்தமாகிப் போற நிலைன்னு ஐசிஏஓ, அதாவது ஐ.நா.வோட சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, சொல்லுது.

இதுக்குப் போய் சோர்வா? காய்ச்சல் வந்தாலும் சோர்வு, மார்க் கொறஞ்சாலும் சோர்வு, டிப்ரெஷனுக்கும் மனச்சோர்வுன்னுதான் எழுதறோம், படிக்கறவங்க ஒரு டீ குடிச்சா சரியாயிடும்னு தாண்டிப் போயிடுவாங்க. களைப்புன்னு எழுதறவங்களும் இருக்காங்க, அது வெயில்ல மூட்டை தூக்கினவருக்கு வர்றது, நெழல்ல உக்காந்தா போயிடும்.

எங்க பெரியப்பா லாரி ஓட்டினவர். ராத்திரில தொப்பூர் கணவாய் எறங்கறதுக்கு முன்னாடி வண்டிய ஓரங்கட்டி, பாட்டில் தண்ணிய மூஞ்சில அடிச்சுக்குவார், "கண்ணு அசருதுடா, ஒரு நிமிசம் அசந்தா போச்சு"ம்பார். அந்த அசர்றதுதான் அயர்றது, உயிர் உசிரு ஆன மாதிரி. சங்கப் பாட்டுல வெறியாட்டு அயர்றது, விழா அயர்றதுன்னு ‘நடத்தறது’ங்கற வேற அர்த்தமும் உண்டு, அத விடுங்க. கண்ணு சொக்கறது, உடம்பு தளர்றது, தெக்கத்திக்காரங்க "அயத்துப் போச்சு"ம்பாங்களே அந்த மறதி, மூணும் இந்த ஒரே சொல்லுல இருக்கு, சோர்வுல அது இல்ல.

2006 ஆகஸ்ட்ல அமெரிக்கா லெக்சிங்டன்ல ஒரு விமானம் விடியறதுக்கு முன்னாடி தப்பான ரன்வேல ஓடி நொறுங்குச்சு, 49 பேர் செத்தாங்க. முக்கியமான தப்பு பைலட்டுங்களோடதுன்னுதான் விசாரணைல வந்துச்சு. ஆனா விமானங்களுக்கு வழி சொல்ற கட்டுப்பாட்டு டவர்ல இருந்தது ஒரே ஆள், ரெண்டு ஷிப்டுக்கு நடுவுல கெடைச்சது 9 மணி நேரம், தூங்கினது 2 மணி நேரம். டேக்‌ஆஃபுக்கு அனுமதி குடுத்துட்டு வேற வேலைக்குத் திரும்பிட்டார், விமானம் எங்க திரும்புச்சுன்னு பாக்கல. அவர் ஒண்ணும் தூங்கி விழல. எவ்ளோ பொறுப்பானவரா இருந்தாலும் ஷிப்ட் இப்படிப் போட்டா அயர்ச்சி வரத்தான் செய்யும், சோர்வுன்னு எழுதினா அது அந்த ஆளோட பலவீனம் மாதிரி ஆயிடுது.

மொழிபெயர்க்கறவங்க அகராதில மொதல்ல இருக்கற சொல்லத் தூக்கிப் போட்டுட்டுப் போறாங்க, இன்னொரு தடவை அதே ஃபட்டீக் உலோகத்துக்கு வந்தா, அதாவது திரும்பத் திரும்ப பளு ஏறி இறங்கி உலோகம் வலுவிழக்கறதச் சொன்னா, அங்கயும் சோர்வு. இரும்பு சோர்ந்து போகுமா? உலோக அயர்ச்சின்னு சொல்லிப் பாருங்க, எவ்ளோ பொருத்தமா நிக்குது.

ஓசூர்ல விமான நிலையம் வரும்னு 2024 ஜூன்ல சட்டசபைல அறிவிச்சாங்க. நம்ம ஊர் டவரப் பத்தித் தமிழ்ல எழுதப் போறவங்க இப்பவே அயர்ச்சின்னு எழுதிப் பழகிக்கங்க.